ஜாயின்ட்டா, செபரேட்டா? கல்யாணமானவர்களுக்கு அமெரிக்க வரி ரிட்டர்னின் முதல் கேள்வி

நான் அமெரிக்கா வந்த இரண்டாவது வருஷம், ஆவணியில் ஊருக்குப் போய்க் கல்யாணம் முடித்துக்கொண்டு தனியாகத் திரும்பினேன். மனைவியின் எச்-4 விசா (வேலை விசாவில் இருப்பவரின் துணைக்கான விசா) நேர்காணல் தள்ளிக்கொண்டே போனது. அவர் மதுரையில், நான் நியூ ஜெர்சியில். மறு ஏப்ரலில் வரி ரிட்டர்ன் போட மென்பொருளைத் திறந்தேன். இரண்டாவது திரையிலேயே கேட்டது: உங்கள் ஃபைலிங் ஸ்டேட்டஸ் என்ன? வீட்டில் நான் ஒருவன்தான் இருந்தேன். சமைப்பதும் சாப்பிடுவதும் தனியாகத்தான். யோசிக்காமல் "சிங்கிள்" என்பதைத் தட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

அது தவறு. நம்மவர்களில் நிறையப் பேர் இதே தவறைச் செய்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. அதனால்தான் புதிதாகக் கல்யாணமானவர்களுக்கு, முதல் தடவை ரிட்டர்ன் போடுகிறவர்களுக்கு, இதை ஆரம்பத்திலிருந்து சொல்ல நினைக்கிறேன்.

இந்தியாவில் நமக்கு இந்தக் கேள்வியே வந்ததில்லை. அங்கே பான் எண் ஆளுக்கு ஒன்று, ரிட்டர்னும் ஆளுக்கு ஒன்று. கணவர் கணக்கில் மனைவிக்கு இடமில்லை, மனைவி கணக்கில் கணவருக்கு இடமில்லை. அமெரிக்க மத்திய வருமான வரியில் அப்படி இல்லை. நீங்கள் தனி ஆளா, தம்பதியா, பிள்ளையோடு தனியாக இருப்பவரா என்பதை வைத்துத்தான் மற்ற எல்லாக் கணக்கும் தொடங்கும். எவ்வளவு வருமானத்துக்கு வரியே கிடையாது, எந்த ஸ்லாப் எங்கே ஆரம்பிக்கிறது, எந்தச் சலுகை கிடைக்கும் என்பதெல்லாம் அந்த ஒரு பதிலைப் பொறுத்தது.

ஐந்து ஸ்டேட்டஸ்கள் உண்டு. சிங்கிள், மேரீட் ஃபைலிங் ஜாயின்ட்லி (தம்பதி சேர்ந்து ஒரே ரிட்டர்ன்), மேரீட் ஃபைலிங் செபரேட்லி (தம்பதி ஆளுக்கு ஒரு ரிட்டர்ன்), ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட், குவாலிஃபையிங் சர்வைவிங் ஸ்பௌஸ். கடைசியில் உள்ளது, துணையை இழந்து, பிள்ளையை வளர்த்துக்கொண்டிருப்பவருக்கு அடுத்த 2 வருஷத்துக்குக் கிடைப்பது. கல்யாணமாகிச் சேர்ந்து வாழ்பவர்களுக்கு உண்மையில் இரண்டே வழிதான்: ஜாயின்ட், இல்லையென்றால் செபரேட்.

கல்யாணமானவரா இல்லையா என்பதை எந்த நாளில் பார்ப்பார்கள்? டிசம்பர் 31. அன்றைக்குச் சட்டப்படி மணமானவர் என்றால் அந்த வருஷம் முழுவதுமே மணமானவர். டிசம்பர் 30இல் தாலி கட்டியிருந்தாலும் 12 மாதத்துக்கும் அதே கணக்கு. அன்றைக்குள் விவாகரத்துத் தீர்ப்பு முழுமையாகிவிட்டால் வருஷம் முழுவதும் மணமாகாதவர். துணை இறந்துபோன வருஷத்துக்கு மட்டும், அவர் பெயரையும் சேர்த்து ஜாயின்ட்டாகவே போடலாம்.

இதில் நம் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. மார்கழியில் நாம் கல்யாணம் வைப்பதில்லை. தையில் முகூர்த்தம் குறித்துவிட்டு, விசா வேலைகளுக்காக நவம்பரிலோ டிசம்பரிலோ சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவுத் திருமணம் செய்துவிடுபவர்கள் பலர். "கல்யாணம் ஜனவரியில்தானே, போன வருஷத்துக்கு நான் சிங்கிள்தான்" என்று அவர்கள் நினைக்கிறார்கள். பதிவான தேதியில் திருமணம் சட்டப்படி முடிந்துவிட்டது. மண்டபத்துத் தேதியை அமெரிக்க வரித் துறையான ஐ.ஆர்.எஸ். பார்ப்பதில்லை.

அடுத்தது நான் செய்த தவறு. மனைவி ஊரில் இருந்தாலும், அவர் அமெரிக்க மண்ணை மிதித்ததே இல்லை என்றாலும், நீங்கள் சிங்கிள் இல்லை. வரித் தொகை ஒன்றுதானே என்று சிலர் வாதம் செய்வார்கள். நம்மில் பலருடைய சம்பள அளவில் சிங்கிளுக்கும் செபரேட்டுக்கும் ஸ்லாப் ஒன்றுதான், உண்மை. ஆனால் ரிட்டர்னின் அடியில் நாம் போடும் கையெழுத்து, பொய் சொன்னால் தண்டனை உண்டு என்று தெரிந்தே இட்ட உறுதிமொழி. பின்னால் குடியேற்ற விண்ணப்பங்களோடு பழைய ரிட்டர்ன் நகல்களைக் கேட்கும்போது, ஒரு காகிதத்தில் மணமானவர், இன்னொன்றில் மணமாகாதவர் என்றிருந்தால் அதற்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட் என்பதிலும் பலர் விழுகிறார்கள். "வீட்டில் சம்பாதிப்பது நான், அப்படியென்றால் குடும்பத் தலைவர் நான்தானே?" ரேஷன் கார்டில் வரும் குடும்பத் தலைவருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இது அடிப்படையில் மணமாகாதவர், தன் வீட்டில் பிள்ளையையோ தகுதியுள்ள உறவினரையோ வைத்துப் பராமரிப்பதற்கான ஸ்டேட்டஸ். மணமானவருக்கு இது கிடைக்க வேண்டுமென்றால், பொதுவாக வருஷத்தின் கடைசி 6 மாதம் துணையோடு ஒரே வீட்டில் இருந்திருக்கக் கூடாது, பிள்ளை பாதி வருஷத்துக்கு மேல் தன்னோடு இருந்திருக்க வேண்டும், வீட்டுச் செலவில் பாதிக்கு மேல் தானே செய்திருக்க வேண்டும். துணை அமெரிக்க வரிச் சட்டப்படி ரெசிடென்ட் (அங்கே வசிப்பவராகக் கருதப்படுபவர்) இல்லை என்றால் பிரிந்திருந்த நிபந்தனை மட்டும் தளரும். வீட்டில் பிள்ளையோ தகுதியுள்ள உறவினரோ இருக்க வேண்டும் என்பது தளராது. ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்புவதை வைத்து இதைக் கேட்க முடியாது. அமெரிக்கக் குடிமகனோ ரெசிடென்ட்டோ, கனடா, மெக்சிகோவில் வசிப்பவரோ இல்லாத ஒருவரை டிபெண்டென்ட் (நம் பராமரிப்பில் இருப்பவர்) என்று காட்டச் சட்டத்தில் இடமில்லை.

சரி, ஜாயின்ட்டுக்கும் செபரேட்டுக்கும் பணத்தில் என்ன வித்தியாசம்? 2025ஆம் ஆண்டு வருமானத்துக்கு, 2026 ஏப்ரலில் போடும் ரிட்டர்னை எடுத்துக்கொள்வோம். சம்பளம் மட்டுமே வருமானம், பிள்ளைகள் இல்லை, மத்திய வரி மட்டும்.

ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் என்பது வருமானத்திலிருந்து கேள்வி கேட்காமல் கழித்துக்கொள்ளும் தொகை. ஜாயின்ட்டுக்கு 31,500 டாலர், செபரேட்டுக்கு ஆளுக்கு 15,750. மீதிக்கு ஸ்லாப். ஜாயின்ட்டில் முதல் 23,850 டாலருக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 96,950 வரை 12, அதற்கு மேல் 206,700 வரை 22. செபரேட்டில் இந்த எல்லைகள் சரிபாதி: 11,925, 48,475, 103,350.

கணவருக்கு 100,000 டாலர் சம்பளம், மனைவிக்கு வருமானம் இல்லை. ஜாயின்ட்டாகப் போட்டால் 68,500 டாலருக்குத்தான் வரி, அது 7,743 டாலர். கணவர் மட்டும் செபரேட்டாகப் போட்டால் 84,250 டாலருக்கு வரி, அது 13,449. வித்தியாசம் 5,706 டாலர். மனைவியின் பங்கான டிடக்‌ஷனும், குறைந்த ஸ்லாப்பில் அவருக்கு ஒதுக்கிய இடமும் செபரேட்டில் வீணாகப் போவதால் வரும் இழப்பு இது.

இப்போது இருவருக்கும் ஆளுக்கு 100,000. "ரெண்டு சம்பளத்தையும் சேர்த்தால் பெரிய ஸ்லாப்புக்குப் போய்விடுமே" என்று பயப்படுவார்கள். சேர்த்துப் போட்டால் 26,898 டாலர். தனித்தனியாகப் போட்டால் ஆளுக்கு 13,449, இரண்டும் சேர்ந்து அதே 26,898. ஒரு டாலர்கூட மாறவில்லை, ஏனென்றால் ஜாயின்ட் ஸ்லாப் செபரேட்டின் சரியான இரு மடங்கு.

ஒருவருக்கு 160,000, மற்றவருக்கு 40,000 என்றால்? ஜாயின்ட்டில் மொத்தம் அதே 200,000தான், வரியும் அதே 26,898. செபரேட்டில் ஏறக்குறைய 30,139. ஆக, இருவர் வருமானமும் எவ்வளவு ஏற்றத்தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவுக்கு ஜாயின்ட்டில் லாபம். சமமாக இருந்தால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

இந்த "இரு மடங்கு" எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் பிடித்த கதை. 1930இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் இரண்டு வழக்குகள். கலிஃபோர்னியாவில் ஒரு தம்பதி, சம்பாதிப்பதெல்லாம் இருவருக்கும் சமம் என்று ஒப்பந்தம் எழுதிக்கொண்டு வரியையும் பாதிப் பாதியாகக் கட்டப் பார்த்தார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை, சம்பாதித்தவர்தான் கட்ட வேண்டும் என்றது. அதே வருஷம் வாஷிங்டன் மாநிலத் தம்பதியின் வழக்கில், அந்த மாநிலச் சட்டமே கணவன் சம்பாத்தியத்தில் பாதி மனைவிக்குச் சொந்தம் என்று சொல்வதால், பாதிப் பாதியாகப் போடலாம் என்று தீர்ப்பு வந்தது. அதன் பலனாக ஒரே சம்பளம் வாங்கும் இரண்டு குடும்பங்கள், வாழும் மாநிலத்தைப் பொறுத்து வேறு வேறு வரி கட்டின. சில மாநிலங்கள் வரியை மிச்சம் பிடிப்பதற்காகவே தங்கள் சொத்துச் சட்டத்தை மாற்றிக்கொண்டன. 1948இல் நாடாளுமன்றம் இந்தப் பாதிப் பாதிக் கணக்கை நாடு முழுவதற்கும் கொடுத்தது. இன்றைய ஜாயின்ட் ஸ்லாப் அதன் வாரிசு. மனைவி வீட்டில் இருப்பவர் என்பதற்காக அவரை வரிச் சட்டம் கணக்கில் எடுக்காமல் விடவில்லை. அவர் பெயரில் ஒரு பாதியை எழுதிவைத்திருக்கிறது.

ஸ்லாப் மட்டும்தான் வித்தியாசம் என்றால் சமமாகச் சம்பாதிப்பவர்கள் எதைப் போட்டாலும் சரி என்று விட்டுவிடலாம். ஆனால் செபரேட்டில் பல கதவுகள் மூடிக்கொள்கின்றன. கல்லூரிப் படிப்புக்கான வரிச் சலுகைகள் கிடையாது. கல்விக் கடன் வட்டியைக் கழிக்க முடியாது. டே-கேர் செலவுக்கான சலுகை பெரும்பாலும் கிடையாது. பங்குச் சந்தை நஷ்டத்தில் வருஷத்துக்கு 3,000 டாலர் வரை மற்ற வருமானத்தில் கழிக்கலாம் என்பது 1,500 ஆகிவிடும். ராத் ஐ.ஆர்.ஏ. என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் பணம் போடுபவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள்: 2025இல் ஜாயின்ட்டாகப் போடும் தம்பதிக்கு 236,000 டாலர் வரை முழுத் தொகையும் போட அனுமதி உண்டு. சேர்ந்து வாழ்ந்துகொண்டே செபரேட்டாகப் போட்டால் அனுமதி முதல் டாலரிலிருந்தே குறைய ஆரம்பித்து 10,000இல் முடிந்துவிடும். ஒருவர் வீட்டுக் கடன் வட்டி, சொத்து வரி என்று செலவுகளைப் பட்டியலிட்டுக் கழித்தால், மற்றவரும் பட்டியல்தான் போட வேண்டும். அவருக்கு ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் கிடையாது.

அப்படியானால் செபரேட் எதற்கு? சில குடும்பங்களுக்குக் கணக்கே அப்படி வரும். ஒருவருக்குப் பெரிய மருத்துவச் செலவு இருந்தால், வருமானத்தில் 7.5 சதவீதத்துக்கு மேற்பட்ட பகுதியைத்தான் கழிக்க முடியும் என்பதால், அவர் வருமானத்தை மட்டும் தனியாகக் காட்டுவது உதவலாம். அமெரிக்க அரசின் கல்விக் கடனை வருமானத்துக்கு ஏற்பத் திருப்பிக் கட்டும் திட்டத்தில் ஒருவர் இருந்தால், செபரேட்டாகப் போடுவதால் துணையின் சம்பளம் அந்தத் தவணைக் கணக்கில் சேராமல் போகலாம். இங்கே பிறந்து படித்தவரை மணந்தவர்கள் இதை ஒரு தடவை போட்டுப் பார்ப்பது நல்லது.

ஆனால் செபரேட்டுக்கு மிக முக்கியமான காரணம் பணம் இல்லை, பொறுப்பு. ஜாயின்ட் ரிட்டர்னில் கையெழுத்துப் போட்ட இருவருமே அதில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் முழுப் பொறுப்பு. பாதிப் பொறுப்பு என்று ஒன்று இல்லை. கணவர் ஒரு வருமானத்தை மறைத்து, பிறகு அது தெரியவந்தால், வரியும் வட்டியும் அபராதமும் மொத்தமாக மனைவியிடமே கேட்க ஐ.ஆர்.எஸ்.ஸுக்கு உரிமை உண்டு. பின்னர் விவாகரத்தாகி, "வரி பாக்கி கணவருடையது" என்று நீதிமன்றமே எழுதியிருந்தாலும் அது ஐ.ஆர்.எஸ்.ஸைக் கட்டுப்படுத்தாது. எதுவும் தெரியாமல் கையெழுத்திட்டவர்கள் விடுவிப்புக் கேட்கப் படிவம் 8857 இருக்கிறது. ஆனால் தெரியாது என்பதை நிரூபிக்கும் சுமை நம் தலையில்தான்.

எச்-4இல் இருக்கும் தங்கைகளிடமும் அக்காக்களிடமும் இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். "இங்க ஒரு கையெழுத்துப் போடு" என்று லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினால் உடனே போடாதீர்கள். சந்தேகப்படச் சொல்லவில்லை, பத்து நிமிஷம் படியுங்கள். சம்பளம் என்ன, இந்தியாவில் உள்ள வங்கிக் கணக்குகளைப் பற்றிய கேள்விக்கு என்ன பதில் போட்டிருக்கிறது, ரீஃபண்ட் எந்தக் கணக்குக்குப் போகிறது என்று பாருங்கள். ஒரு நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் ரிட்டர்னும்தான். உங்கள் பெயரில் வருமானமே இல்லை என்றாலும் சட்டத்தின் முன் நீங்களும் முழுப் பொறுப்பு. வீட்டில் பண விஷயத்தில் நம்பிக்கை உடைந்துபோயிருந்தால், சில ஆயிரம் டாலர் கூடுதலாகக் கட்டியாவது செபரேட்டாகப் போடுவதுதான் சரி என்பது என் கருத்து.

டெக்சஸ், கலிஃபோர்னியா, வாஷிங்டன் மாநிலங்களில் நம்மவர்கள் நிறைய. மேலே சொன்ன பாதிப் பாதிச் சொத்துச் சட்டம் உள்ள 9 மாநிலங்களில் இவை மூன்றும் அடக்கம். அரிசோனா, நெவாடா, நியூ மெக்சிகோ, ஐடஹோ, லூசியானா, விஸ்கான்சின் மற்றவை. இங்கே கணவன் மனைவி இருவரும் ரெசிடென்ட்டாக இருந்து செபரேட்டாகப் போட்டால், அவரவர் டபிள்யூ-2வை (கம்பெனி தரும் வருஷச் சம்பளச் சான்று) மட்டும் காட்டி முடித்துவிட முடியாது. இருவர் சம்பளத்தையும் கூட்டிப் பாதியாக்கி, படிவம் 8958இல் காட்ட வேண்டும்.

இப்போது மனைவியோ கணவரோ ஊரில் இருப்பவர்களின் விஷயம். நீங்கள் வருஷக் கடைசியில் வரிச் சட்டப்படி ரெசிடென்ட்டாக இருந்தால், ஊரில் இருக்கும் துணையையும் ரெசிடென்ட்டாகக் கருதும்படி இருவரும் கையெழுத்திட்ட ஒரு கடிதத்தை ரிட்டர்னோடு இணைத்து ஜாயின்ட்டாகப் போடலாம். எஃப்-1 மாணவராக முதல் சில வருஷங்களில் இருப்பவர்கள், ரெசிடென்ட்டைத் திருமணம் செய்திருந்தால் தவிர, பொதுவாக இப்படிப் போட முடியாது. மணமான நான்-ரெசிடென்ட் (ரெசிடென்ட் அல்லாதவர்) தனக்கான படிவம் 1040-என்.ஆரில் செபரேட்டாகத்தான் போட வேண்டும்.

துணைக்கு எஸ்.எஸ்.என். (சோஷியல் செக்யூரிட்டி எண்) இருக்காது, அதனால் அது இல்லாதவர்களுக்கு ஐ.ஆர்.எஸ். தரும் ஐ.டி.ஐ.என். என்ற வரி எண் வேண்டும். அதற்கு டபிள்யூ-7 படிவத்தை ரிட்டர்னோடு சேர்த்து அனுப்ப வேண்டும். பாஸ்போர்ட் மூலத்தையோ, அதை வழங்கிய அலுவலகமே சான்றளித்த நகலையோ கேட்பார்கள். நோட்டரி முத்திரை வைத்த நகலை நம்பி மாதக்கணக்கில் காத்திருந்து திரும்பப் பெற்றவர்களைப் பார்த்திருக்கிறேன். ஐ.ஆர்.எஸ். அங்கீகரித்த சான்றளிப்பு முகவர்கள் இருக்கிறார்கள். பாஸ்போர்ட்டைத் தபாலில் விட மனம் வராதவர்கள் அவர்களிடம் போகலாம்.

லாபத்தோடு ஒரு கடமையும் வரும். துணையை ரெசிடென்ட்டாக்கிவிட்டால் அவருடைய உலக வருமானம் முழுவதும் அமெரிக்க ரிட்டர்னுக்குள் வரும். கோயம்புத்தூர்ச் சம்பளம், பாட்டி வீட்டு வாடகை, எஃப்.டி. வட்டி எல்லாம். இந்தியாவில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள வழி உண்டு. வருஷத்தில் எப்போதாவது ஒருவருடைய வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்தம் 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் எஃப்பார் என்ற வெளிநாட்டுக் கணக்கு அறிக்கையும் போட வேண்டும். இந்திய மியூச்சுவல் ஃபண்டு வைத்திருந்தால் கணக்கு மிகவும் கடினமாகிவிடும். அதற்கு விவரம் தெரிந்த சி.பி.ஏ. (அமெரிக்க ஆடிட்டர்) ஒருவரைப் பார்ப்பதே நல்லது. ஊரில் நல்ல சம்பளத்தில் வேலை பார்க்கும் துணை என்றால், ஜாயின்ட்டில் மிச்சமாகும் தொகையையும் இந்த வேலைகளையும் எதிரெதிரே வைத்துப் பார்த்து முடிவெடுங்கள். வருமானம் அதிகம் இல்லாத துணை என்றால், மேலே பார்த்த 5,706 டாலர் மாதிரியான தொகை கையில் நிற்கும்.

தவறாகப் போட்டுவிட்டோமே என்று பதற வேண்டாம். செபரேட்டாகப் போட்டதை, கெடு தேதியிலிருந்து 3 வருஷத்துக்குள் 1040-எக்ஸ் என்ற திருத்தப் படிவத்தில் ஜாயின்ட்டாக மாற்றலாம். தலைகீழாக முடியாது. ஜாயின்ட்டாகப் போட்டதை ஏப்ரல் கெடு தாண்டிய பிறகு செபரேட்டாக்க வழியில்லை. குழப்பமாக இருக்கிறது, துணையின் ஐ.டி.ஐ.என். இன்னும் தயாரில்லை, அல்லது இருவருக்கும் இடையே ஏதோ தெளிவாகவில்லை என்றால், முதலில் செபரேட்டாகப் போட்டுவிட்டு நிதானமாக யோசிக்கலாம்.

நானும் 1040-எக்ஸ் வழியாகத்தான் என் தவறைத் திருத்தினேன். எல்லாவற்றையும் நிரப்பி, மனைவியின் கையெழுத்துக்காக மதுரைக்குக் கூரியரில் அனுப்பினேன். கிடைத்த அன்று இரவே போன் செய்தார். "ஏங்க, முழுசாப் படிச்சேன். வட்டிங்கிற இடத்துல வெறும் 38 டாலர்தான் போட்டிருக்கீங்க. கல்யாணத்துக்கு முன்னாடியே அப்பா என் பேர்ல ஒரு எஃப்.டி. போட்டிருக்காரே, அந்த வட்டி எங்கே?" அப்படி ஒரு எஃப்.டி. இருப்பதே எனக்குத் தெரியாது. அவர் வங்கிக்குப் போய் வட்டிச் சான்றிதழ் வாங்கிப் படம் எடுத்து அனுப்பினார். நான் அந்தப் பக்கத்தைப் புதிதாக எழுதி, திரும்பவும் கூரியரில் அனுப்பினேன்.